சக்கர நாற்காலிக்குக் கீழே ஒரு பெட்ரோல் டேங்க்

நான் வேலை பார்த்த பேருந்துப் பணிமனையில் இப்போது இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் போன மாதம் திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். பேட்டரியில் ஓடும் பேருந்துகளைப் பற்றி அவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறார்களாம்.

"அண்ணே, இனிமே வர்ற வண்டியில டேங்க்கே கெடையாதுண்ணே. காலம் பூராவும் நீங்க பாத்த வேலையப் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க. சங்கத்து மலர்ல போடுவோம்" என்றார்கள்.

அவர்கள் குரலில் எனக்காக ஒரு வருத்தம் இருந்தது. எனக்கு அந்த வருத்தம் இல்லை. வண்டியில் டேங்க் இல்லையென்றால் பயப்பட வேண்டிய பொருள் ஒன்று குறைகிறது. பேட்டரிக்கென்று வேறு பயம் இருக்கும். அதை இந்தத் தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் எழுதுகிறேன் என்று சொன்னேன். பணிமனையில் நடந்ததை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, ஓய்வு பெற்ற பிறகு செய்த ஒரு வேலைதான் முன்னால் வந்து நின்றது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் தகடு வேலை படித்தேன். வாளி, புனல், மட்கார்டு என்று வளைத்துப் பழகி, விரல்களில் தழும்புகளோடு வெளியே வந்தேன். பணிமனையில் பயிற்சி ஆளாகச் சேர்ந்த என்னை முதலில் பேருந்தின் பக்கவாட்டுத் தகடுகளை ஒட்டுப்போட விட்டார்கள். டேங்க் பக்கம் போகவே விடவில்லை. அது ஃபோர்மேன் அந்தோணிசாமியின் கட்டளை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பயிற்சிக்கு வந்த பையனைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க எங்களுக்கு வியர்க்கும். அவருடைய சட்டங்களில் ஒன்று எல்லாருக்கும் விசித்திரமாகப் பட்டது. ஓட்டை விழுந்த டேங்க்கை யார் கழுவினார்களோ, அவர்தான் அதற்கு வெல்டிங் வைக்க வேண்டும். ஒருவர் கழுவி இன்னொருவர் பற்றவைப்பது கிடையாது.

வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. எண்ணெய் வடிந்த பிறகும் உள்ளே ஆவி நிற்கும். அதில் நெருப்புப் பொறி பட்டால் டேங்க்கே குண்டாகிவிடும். டீசல்தானே, பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் டீசலும் ஆவியாகத்தான் செய்யும். அதனால் டேங்க்கை இறக்கி, காஸ்டிக் சோடா போட்ட வெந்நீரை ஊற்றி, உள்ளே கொஞ்சம் கூழாங்கற்களைப் போட்டு உருட்டுவோம். கொட்டிவிட்டு மறுபடியும் வெந்நீர். பிறகு நீராவியை விட்டு வெகுநேரம் காத்திருப்போம். கடைசியில் ஓட்டை மேலே இருக்கும்படி சாய்த்து, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் பற்றவைப்போம். உள்ளே காற்றுக்கே இடம் இருக்கக் கூடாது. அந்தோணிசாமி அப்போது பக்கத்தில் வந்து டேங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். வெல்டிங் முடியும் வரை எடுக்க மாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கை அங்கே இருக்கும்போது நம் கை அவசரப்படாது.

நான் டேங்க் வேலைக்கு வந்த பிறகு, ஒரு திருவிழா நேரம். சிறப்புப் பேருந்துகளுக்கு வண்டி போதவில்லை. ராமையா என்பவர் காலை ஷிப்ட்டில் ஒரு டேங்க்கைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மதியம் கிளை மேலாளரே பட்டறைக்கு வந்துவிட்டார். நான் வெல்டிங் கண்ணாடியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"யாரு தம்பி கழுவுனது?" என்று அந்தோணிசாமி கேட்டார்.

"ராமையாண்ணே கழுவுனாருங்க."

"அப்ப ராமையா வரட்டும்."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுத்தமாத்தானே இருக்கு? நானே மோந்து பாத்தேனே" என்றார். அந்தோணிசாமி கண்ணாடியைத் துடைத்தார். "இருக்குங்க சார். ஆளு அனுப்பியிருக்கேன், வந்துருவாரு" என்று மட்டும் சொன்னார். மேலாளர் நல்ல மனிதர். எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.

ராமையா சாப்பிட்ட கையோடு சைக்கிளில் வந்தார். டேங்க்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அண்ணே, ஒரு பக்கந்தான் கழுவுனேன். தடுப்புக்கு அங்கிட்டு இருக்க அறைக்குள்ள குழாய் போகல. சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்னு வச்சிட்டுப் போனேன்" என்றார். பெரிய டேங்க்குகளின் உள்ளே எண்ணெய் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும். அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஆவி அப்படியே நின்றிருக்கிறது. முன்பக்கம் மோந்து பார்த்தவருக்கு அது தெரிய வழியில்லை.

யாரையும் யாரும் திட்டவில்லை. மேலாளர் எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை டேங்க் வேலை எனக்கென்று ஆகிவிட்டது. எத்தனையோ செய்தேன். எதுவும் பிரச்சினை ஆகவில்லை. பிரச்சினை ஆகாத வேலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஓய்வுக்குப் பின் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கொட்டகை போட்டு, கேட், தண்ணீர்த் தொட்டி என்று சின்ன வேலைகள் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அன்னவாசலில் இருந்து முத்துக்குமார் என்பவர் வந்தார். வளைகுடாவில் கார்ப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தவர். பழைய வேன் மாதிரியான கார் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. உதிரிப் பாகமும் கிடைக்காது.

"டேங்க் ஒண்ணு செய்யணும்ணே. கடையில கெடைக்காது. பழைய டேங்க் பின்னாடி தளத்துக்கு அடியில இருந்துச்சு. அந்தத் தளத்த நான் கீழ எறக்கிட்டேன்."

"தளத்த எதுக்குத் தம்பி எறக்குனீங்க?"

"எங்க அக்காவுக்கு. சக்கர நாற்காலியோட பின்பக்கமா ஏறி உள்ள வரணும்."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவருடைய அக்கா கலைச்செல்வி பள்ளிக்கூட ஆசிரியை. சாலை விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தம்பியின் வீட்டில்தான் இருந்தார். உள்ளூர்ப் பள்ளி என்பதால் நாற்காலியிலேயே போய் வந்தார். இப்போது தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. பள்ளி இலுப்பூருக்கு அந்தப் பக்கம். ஏற்கனவே ஒரு முறை போக வழியில்லை என்று பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். இந்த முறை ஜூனில் பள்ளி திறக்கும்போது போய்ச் சேர வேண்டும். முத்துக்குமார் வெளிநாடு திரும்பிவிட்டால் வண்டி ஓட்ட அவர் மனைவி சுமதி பழகிக்கொண்டிருந்தார்.

அன்னவாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. மாற்றங்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதியும் கேட்டிருந்தார்கள். ஆனால் டேங்க்குக்கு மீதி இருந்தது ஒரே இடம். இடது பக்கம், தளத்துக்கும் வண்டியின் ஓரச் சட்டத்துக்கும் நடுவே நீளமாக ஒரு சந்து. சைலன்சர் வலது பக்கம் போகிறது, அதனால் சூடு இல்லை. ஆனால் டேங்க்கின் பாதி, நாற்காலி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே வரும்.

முத்துக்குமாரைத் தனியாகக் கூப்பிட்டு, என்னால் முடியாது என்றேன். "தம்பி, ஏதாச்சும் ஆச்சுன்னா மத்தவங்க கதவத் தொறந்து குதிச்சிருவாங்க. ஒங்க அக்கா என்ன செய்வாங்க?"

கொட்டகைக்கு வெளியே கலைச்செல்வி நாற்காலியில் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அண்ணே, பஸ்ஸுல ஒக்காந்திருக்கவங்க எல்லாம் டேங்க்குக்கு மேலதான ஒக்காந்திருக்காங்க. அவங்கள ஏத்துறப்ப ஓட முடியுமா முடியாதான்னு நீங்க கேட்டீங்களா?"

"அது டீசல் டீச்சர். பெருசா ரெண்டு வாசல் இருக்கு" என்றேன்.

"அப்ப எனக்கும் ரெண்டு வாசல் வையிங்க. என் கையாலயே தொறக்குற மாதிரி வையிங்க. வேற என்னென்ன வேணும்னு சொல்லுங்க, முத்து செய்வான். முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அத எல்லாரும் சொல்லிட்டாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க போனாலும் என்னைய ரெண்டு பேரு தூக்குறாங்க. ஆட்டோவுல தூக்கி வைக்கிறாங்க, எறக்கி வைக்கிறாங்க. நல்லவங்கதான், அன்பாத்தான் தூக்குறாங்க. ஆனா நான் ஒரு எடத்துக்கு, யாரும் தூக்காம, நானாப் போயி எறங்கணும்."

அன்று பதில் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவர் கேட்ட முதல் கேள்விதான் மனதில் ஓடியது. அந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் கைத்தடியோடு ஒரு பெரியவர் இருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். அவர்களுக்குக் கீழே எங்கோ என்னைப் போன்ற ஒருவர் செய்த டேங்க் இருந்தது. அவர்கள் யாரும் ஓடிவிடக் கூடியவர்கள் இல்லை. இத்தனை காலம் நான் செய்த வேலை இதுதான் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் போய்ச் செய்கிறேன் என்றேன். நிபந்தனைகள் சொன்னேன். பின்பக்கச் சாய்தளத்தின் தாழ்ப்பாளை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் விடுவிக்க முடிய வேண்டும். பக்கவாட்டுக் கதவும் உள்ளிருந்து திறக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாய் வண்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். நாற்காலியைப் பூட்டும் கொக்கிகள் ஒரே இழுப்பில் கழல வேண்டும். முத்துக்குமார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கலைச்செல்வி அந்தக் கொக்கியைத் தானே இழுத்து இழுத்துப் பார்த்து, இரண்டு முறை மாற்றச் சொன்னார்.

டேங்க் வேலை அட்டையில்தான் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி, வண்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பின் சக்கர ஸ்பிரிங் மேலே எழும்பும்போது இடிக்காமலிருக்க அடிப்பக்கம் ஒரு படி வைக்க வேண்டியிருந்தது. அட்டை டேங்க்கைக் கட்டித் தொங்கவிட்டு, கலைச்செல்வியை நாற்காலியோடு மேலே ஏறி நிற்கச் சொன்னோம். தளம் எவ்வளவு தாழ்கிறது என்று அடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன். தளத்துக்கும் டேங்க்குக்கும் நடுவே விரல் நுழையும் இடம் எப்போதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரசி உரசியே ஓட்டை விழும்.

பதினாறு கேஜ் கனத்தில், பூச்சில்லாத இரும்புத் தகடு எடுத்தேன். துத்தநாகம் பூசிய தகடு துரு பிடிக்காதுதான், ஆனால் வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து புகையாகும், ஒட்டும் சரியாக நிற்காது. மூலைகளில் வெல்டிங் வராதபடி தகட்டையே மடித்துத் திருப்பினேன். பெட்ரோல் அலம்பாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள், ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் பெட்ரோல் நகர ஒரு வழி. இன்ஜினுக்கு உறிஞ்சும் குழாயை மேலிருந்து இறக்கினேன். கீழே குழாய் வைத்தால், அது உடைந்த அன்றைக்கு மொத்தமும் தெருவில் கொட்டும். மூச்சுக்குழாய் ஒன்று. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போகவும், சூட்டில் ஆவி வெளியேறவும் அதுதான் வழி. மேல் தகட்டில் ஒரு வட்டத் துளை, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக்கு. அந்த மிதவையின் கை மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்று பக்கத்திலிருந்த ஒரு தடுப்பை உயரம் குறைத்து வெட்டினேன். பழைய வண்டிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும்.

முடித்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். பிறகு வெளியே சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் மண்ணெண்ணெய் கசிந்து கறுப்பாகத் தெரியும். எங்கும் கறுக்கவில்லை. பெயிண்ட் அடித்து, ரப்பர் பட்டை வைத்து வண்டியில் கட்டி, நிலைமின் பொறி எழாமலிருக்க ஊற்றும் வாய்க்கும் வண்டி உடம்புக்கும் இடையில் ஒரு செம்புக் கம்பி இணைத்தோம். பெட்ரோல் நிரப்பினோம். கலைச்செல்வியை ஏற்றிக்கொண்டு சுமதி சித்தன்னவாசல் வரை ஓட்டிப் போய் வந்தார். குறை ஒன்றும் இல்லை. பள்ளி திறக்க ஒரு வாரத்துக்கும் குறைவாகவே இருந்தது.

"நான் ஒக்காந்து பாக்கணும்" என்றார் கலைச்செல்வி மறுநாள்.

"நேத்தே ஒக்காந்து பாத்தியே அக்கா."

"ஓடுறப்ப பாத்தேன். பள்ளிக்கூடத்துல வெயில்ல நிக்கிற மாதிரி நிறுத்து. கண்ணாடிய ஏத்திரு. கொஞ்ச நேரம் ஒக்காந்திருக்கேன்."

கோடை வெயில் உச்சத்தில் இருந்தது. நானும் முத்துக்குமாரும் கொட்டகை நிழலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார்.

"வாசம் வருது."

நாங்கள் இருவரும் உள்ளே தலையை விட்டு மோந்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முத்துக்குமாருக்கும் தெரியவில்லை.

"ஒங்க ரெண்டு பேரு மூக்கும் பெட்ரோல்லயே ஊறுனது. சுமதி, நீ இங்கிட்டு வா."

சுமதி வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். "லேசா வருதுங்க" என்றார்.

"சத்தமும் வந்துச்சு" என்றார் கலைச்செல்வி. "காலுக்கு அடியில டுக்குன்னு. டின் மூடிய அமுக்குனா வருமே, அது மாதிரி."

அந்தச் சத்தம் என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தகடு உப்பும் சத்தம். மிதவையைப் பார்க்கத் தளத்தில் வைத்திருந்த மூடியைத் திறந்து, டேங்க்கின் மிதவை மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டேன். ஒரு ஓரத்தில் குமிழி வந்தது. அடியில் படுத்துக் காரணத்தைத் தேடியபோது, மூச்சுக்குழாயின் ரப்பர் பகுதி ஓரிடத்தில் தொய்ந்து கிடந்தது. நிறையப் பெட்ரோல் ஊற்றியதில் அந்தத் தொய்வுக்குள் பெட்ரோல் தங்கி வழியை அடைத்துவிட்டது. வெயிலில் உள்ளே ஆவி பெருகியது, வெளியே போக வழியில்லை, மேல் தகடு உப்பியது, அதோடு சேர்ந்து மிதவை மூடியின் ஓரமும் எழும்பியது. நான் தடுப்பைக் குறைத்து வெட்டிய இடமும் அதுதான். மற்ற இடங்களில் தடுப்பு மேல் தகட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அங்கே பிடிமானம் இல்லை.

முத்துக்குமாருக்கு நிம்மதி. "அவ்வளவுதானண்ணே. குழாயத் தொய்வில்லாம இழுத்துக் கட்டிருவோம். மூடிக்குத் தடிமனா ஒரு ரப்பர் கேஸ்கெட் போடுவோம். முடிஞ்சது."

அவர் சொன்னது தப்பில்லை. அதைச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வேறு வண்டியாக இருந்தால் நானே அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் குழாய் நாளைக்கு மறுபடியும் தொய்யலாம், சேறு அடைக்கலாம், எலி கடிக்கலாம். குழாய் அடைத்துக்கொண்டாலும் டேங்க் தாங்க வேண்டும். அந்த மூடி அவருடைய காலுக்கு நேர் கீழே இருக்கவே கூடாது.

"அப்ப எறக்கி, கழுவி, உள்ள ஒரு பட்டை வச்சு வெல்டு பண்ணிருங்கண்ணே. நீங்க கழுவாத டேங்க்கா?"

"பணிமனையில நீராவி இருந்துச்சு, தம்பி. பக்கத்துல நிக்க ஆளு இருந்தாங்க. இது பெட்ரோல். உள்ள அறை அறையா இருக்கு. எல்லாப் பக்கமும் அடைச்சாச்சு, எது சுத்தமாச்சு, எது ஆகலன்னு கண்ணால பாக்க முடியாது. என் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க குடியிருக்காங்க. பெட்ரோல் பட்ட டேங்க்ல நான் நெருப்பு வைக்க மாட்டேன்."

"அப்ப?"

"புதுசா ஒண்ணு செய்யணும்."

அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. விடுமுறை முழுக்க அந்த வண்டிக்கு அடியிலேயே கிடந்தவர். "அண்ணே, தொறக்குற அன்னைக்கு அக்கா போயிச் சேரணும். அதுக்குள்ள ஆகுமா?"

"ஆகாது."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். எனக்கு அது எறிந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கலைச்செல்வி வண்டிக்குள்ளேயே இருந்தார். முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முத்து சொல்றபடி செஞ்சா ஆபத்தா, அண்ணே?"

பொய் சொல்ல மனமில்லை. "அனேகமா ஒண்ணும் ஆகாது, டீச்சர்" என்றேன்.

"அனேகமா." அவர் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கொக்கியை இழுத்துக் கழற்றினார். "இன்னொண்ணு செய்ங்க. மொத நாளு ஆட்டோவுல போறேன். முத்து தூக்கட்டும்."

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முத்துக்குமார் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பள்ளி திறந்த நாள் மத்தியானம் முத்துக்குமார் என் கொட்டகைக்கு வந்தார். நான் இரண்டாவது டேங்க்குக்குத் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொன்னார்.

"ஆட்டோ கேட்டுக்குள்ள போகல. மண்ணு கொட்டி வச்சிருந்தாங்க, நாற்காலியும் உருளல. பிள்ளைங்க எல்லாம் வரிசையா நின்னுச்சு. நடுவுல தூக்கிட்டுப் போனேன். வாட்ச்மேன் கால் பக்கம் பிடிச்சுக்கிட்டாரு. சேலை வெலகாம அக்கா ஒரு கையால பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. ரூமுல ஒக்கார வச்சதும், 'நீ போ, ஆட்டோ நிக்குது'ன்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல."

அவர் போன பிறகு அன்றைக்கு வெல்டிங் பற்றவைக்கவில்லை. தகட்டின் ஓரங்களை மட்டும் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது டேங்க்கில் எல்லாத் தடுப்புகளையும் மேல் வரை ஏற்றி, மேல் விளிம்பை மடித்து, தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்தேன். மேல் தகடு உப்பாமல் விறைப்பாக நிற்க, அதில் நீளவாக்கில் வரப்பு போல இரண்டு மேடுகள் தட்டி எடுத்தேன். மிதவைத் துளையைப் பின்கோடிக்கு, வண்டியின் உட்பகுதியைத் தாண்டிக் கொண்டுபோனேன். அதற்கு மிதவையின் கையை வளைத்துச் சின்னதாக்க வேண்டியிருந்தது. முள் காட்டும் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூச்சுக்குழாயை ரப்பரில்லாமல் இரும்பிலேயே வளைத்து, கீழிருந்து மேலாக எங்கும் இறங்காமல் ஏற்றினேன். தளத்தில் இருந்த மூடியை எடுத்துவிட்டு முத்துக்குமார் முழுத் தகடாக அடைத்தார். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே மூச்சுக்குழாயை வேண்டுமென்றே அடைத்து, காற்றடித்து வைத்துப் பார்த்தேன். தகடு அசையவில்லை.

கலைச்செல்வி மறுபடியும் வெயிலில், மூடிய வண்டிக்குள் உட்கார்ந்தார். இந்த முறை ஒரு கட்டு விடைத்தாளையும் கொண்டுபோனார். நாங்கள் நிழலில் நின்றோம். இரண்டு தடவை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குனிந்து திருத்திக்கொண்டிருந்தார். கட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தார்.

"புழுக்கமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடியில் படுத்தெல்லாம் பார்த்து அனுமதி கொடுத்தார்கள். முத்துக்குமார் வெளிநாடு கிளம்பும் நாள் நெருங்கிவிட்டதால், அதற்கு முந்தைய திங்கட்கிழமையே வண்டி பள்ளிக்குப் போவதென்று முடிவானது. "நீங்களும் வாங்கண்ணே. எனக்குப் பக்கத்துல ஒக்காருங்க" என்றார் கலைச்செல்வி.

சுமதி ஓட்டினார். முன்னால் முத்துக்குமார். பின்னால், டேங்க்குக்கு மேலே, மடக்கு இருக்கை ஒன்றில் நான். என் வலப்பக்கம் கலைச்செல்வி. என் மூக்கை நான் நம்பவில்லை. அதனால் வழியெல்லாம் அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கியபோது டேங்க்கினுள் பெட்ரோல் அசையும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. "தண்ணிக்குடம் மாதிரி இருக்கு" என்றார். அதோடு சரி.

பள்ளி வாசலில் கொட்டியிருந்த மண்ணை எடுத்து வழி விட்டிருந்தார்கள். வண்டி உள்ளே போய் நின்றது. நான் பக்கவாட்டுக் கதவு வழியாக முதலில் இறங்கிக்கொண்டேன். வாட்ச்மேனும் இரண்டு ஆசிரியர்களும் வேகமாக வந்தார்கள். இத்தனை நாளும் ஆட்டோ வந்து நின்றதும் ஓடி வந்து தூக்கியவர்கள். கைகளை நீட்டிக்கொண்டே வந்தார்கள். முத்துக்குமார் முன்னாலிருந்து இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போனார். நான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

உள்ளே கொக்கி கழலும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். பின்கதவு தானாகத் திறந்து, சாய்தளம் இறங்கித் தரையைத் தொட்டது. கலைச்செல்வி இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டு, மெதுவாக இறங்கி வந்தார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ஆசிரியர்களில் ஒருவர் கைகளைக் கூப்பி வணக்கம் சொன்னார்.

"வணக்கம் சார்" என்றார் கலைச்செல்வி. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வாட்ச்மேனைப் பார்த்தார். "மணி அடிச்சிருங்க. நேரமாச்சு."